கொடை விழா சீரியல் செட்: ஓடாத விளக்கு ஓடுவது எப்படி?

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அம்மன் கொடை வந்தால் தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டு, முப்பதடி உயரத்தில் பல்பாலேயே அம்மன் உருவம் கட்டுவார்கள். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் நையாண்டி மேளம். நடுவில் நின்றால் நம் முகம், சட்டை, மேளக்காரரின் தவில் எல்லாமே சிவப்பும் பச்சையுமாக மாறும். சின்ன வயதில் எனக்கு அது வேறு உலகம்.

அந்தப் போர்டு கட்டுகிறவர்களில் எங்கப்பாவும் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல். அப்பாவின் கைவேலையை நம் மின்னியல் பாடத்தோடு சேர்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

அம்மனைச் சுற்றி ஒளி ஓடுகிறதே, ஒரு பல்பாவது நகர்கிறதா? இல்லை. 1, 4, 7, 10 என்ற பல்புகள் ஒரு வரிசை. 2, 5, 8, 11 அடுத்தது. 3, 6, 9, 12 மூன்றாவது. இவை முறை வைத்து எரிந்து அணைகின்றன. இடைவெளியை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான்.

இரண்டு வரிசை போதாதா என்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு வச்சா மினுக்கும்லே, ஓடாது" என்றார். சரிதான். இரண்டு மட்டும் மாறி மாறி எரிந்தால் ஒளி வலப்பக்கம் போனதா, இடப்பக்கம் போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வரிசைதான் திசையைக் காட்டுகிறது.

இப்போது இதை ஐ.சி. செய்கிறது. அப்பா தொழிலுக்கு வந்தபோது மர உருளைதான். அதில் பித்தளைத் தகடுகளைப் படிப்படியாக அடித்து, தையல் மெஷின் மோட்டாரால் சுற்றுவார்கள். தகடு தொடும் வரிசை எரியும். மேளம் வேகமெடுத்தால் அப்பா ரெகுலேட்டரைத் திருகுவாராம். அம்மன் கைச் சூலமும் வேகமாக ஆடும். அந்த உருளை இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.

இனி முக்கியமான சங்கதி. பழைய சீரியல் பல்பு ஒன்றுக்கு 6 வோல்ட். 230 வோல்ட்டில் போட 40 பல்பைத் தொடராக இணைப்பார்கள், ஒன்றுக்கு 5.75 வோல்ட் கிடைக்கும். ஒன்று பியூஸ் போனால் வரிசையே அணையும். அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு கரிந்த தழும்பு உண்டு. மேளம் நடக்கும்போது மெயினை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அணைந்த வரிசைதானே என்று கை வைத்தவர்தான், தூக்கி எறிந்துவிட்டது.

அணைந்த வரிசையில் ஏது ஷாக்? ஆசிரியர் பக்கத்தில் நிற்க, லேபில் 40 பல்பு கட்டிப் பார்த்தேன். எரியும்போது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 வோல்ட். ஒன்றைக் கழற்றியதும் மற்ற 39-இலும் சுழி. காலி ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையே முழு 230! கிர்ச்சாஃப் விதிதான். மின்னோட்டம் நின்றுவிட்டதால் மற்ற பல்புகளில் அழுத்தம் குறையவில்லை. மொத்தமும் அந்த இடைவெளியில் நிற்கிறது. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் வரிசையில் பேஸ் இருக்கும். ஆகவே பிளக்கையே உருவ வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் செத்த பல்பு அகப்பட்டுவிடும்.

அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "செத்த பல்புதாம்லே கடிக்கும்னு நாங்க சொல்லுவோம். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

இப்போது வரும் பிக்சல் எல்.இ.டி. போர்டுகள் 5 அல்லது 12 வோல்ட்டில் ஓடுகின்றன. 230 வோல்ட் பவர் சப்ளைப் பெட்டியோடு நின்றுவிடும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. சரம் பல, நேராக மெயினில் போடும் தொடர் இணைப்புதான். எங்கள் ஊர்க் கொடைக்கு இரண்டும் கலந்துதான் கட்டுகிறோம். பிளக் பக்கத்தில் நிற்கிற வேலை இப்போது என்னுடையது.