வளைந்த ஷாஃப்டை லேத்தில் எதில் பிடிப்பது?

ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அடித்து உருவாக்கியவை. அவற்றுக்குக் கண்ணளவு போதும். சுழலும் இரும்புக்குப் போதாது. தூத்துக்குடி விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட் லேசாக வளைந்தாலும் புஷ் ஒருபக்கமாகத் தேயும், கிளாண்டில் தண்ணீர் ஒழுகும். பட்டறையில் கொடுக்கும்போது ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய உருப்படியை, எதில் பிடிக்கிறார்கள் என்று நின்று பாருங்கள்.

மூன்று தாடை சக்கில் பிடிப்பது அரை நிமிட வேலை. ஆனால் நல்ல சக்கிலேயே 0.05 மி.மீ.க்கு மேல் அவுட் (அச்சு ஆட்டம்) இருக்கலாம். புதுக் கம்பியை ஒரே பிடியில் கடைந்து முடிக்க அது போதும். ஏற்கெனவே கடைந்த ஷாஃப்டைத் திருத்த ஆகாது.

நான்கு தாடை சக்கில் ஒவ்வொரு தாடையும் தனியாக நகரும். டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றும்போது ஒரு பக்கம் 0, எதிர்ப்பக்கம் 0.40 காட்டினால் விலக்கம் 0.20தான். அந்தப் பாதியை மட்டும் நகர்த்த வேண்டும். பொறுமை இருந்தால் 0.01க்குள் வரும். சக்குக்கு அருகே ஓரிடம், ஒரு சாண் தள்ளி இன்னோரிடம் என இரண்டிலும் முள் அசையாமல் நிற்க வேண்டும். அருகே முள் நின்று, தள்ளியுள்ள இடத்தில் ஆடினால் ஜாப் சாய்ந்து பிடிபட்டிருக்கிறது. கப்ளிங், ஃபிளேஞ்ச் போன்ற குட்டை ஜாப்களுக்கு இதுவே சரி.  

நீள ஷாஃப்டுக்கு என் தேர்வு இரண்டு சென்டர்களுக்கு நடுவே பிடிப்பதுதான். முனை மாற்றிப் போட்டாலும் அச்சு மாறாது. சென்டர் துளைகள் அடிபடாமல் இருக்க வேண்டும். நசுங்கியிருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நடுவில் தொய்யாமலிருக்க ஸ்டெடி என்ற தாங்கி வேண்டும். கடையும்போது சூடேறி இரும்பு நீளும் என்பதால் டெயில்ஸ்டாக்கை அவ்வப்போது சற்றுத் தளர்த்த வேண்டும்.

வளைவைக் கடைந்தே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். விட்டம் குறைந்து புஷ்ஷில் ஆடும். டயலில் மேடான இடத்தைச் சாக்பீஸால் குறித்து, பிரஸ்ஸில் நிமிர்த்தி, மறுபடி சென்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தால் புது ஷாஃப்ட்தான் வழி. புரொப்பல்லர் உட்காரும் டேப்பரில் புளூ என்ற நீலச் சாயம் தடவி, சுற்றிலும் சீராகப் பதிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.