கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது

(ஏழாம் கற்பனையைப் பற்றிய பாடம்)



வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது ஒரு வீட்டின் கதவைத் தட்டினேன். ஏழெட்டு வயதுப் பிள்ளை கதவைச் சற்றே திறந்து, தலை குனிந்தபடியே, "அம்மா வீட்டில் இல்லை" என்றது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தவணை வசூலிக்க வந்தவர் என்று என்னை நினைத்துவிட்டது. நிமிர்ந்து என் அங்கியைக் கண்டதும் அழத் தொடங்கிற்று. எந்த வீடு என்று கேட்க வேண்டாம். நம் பங்கில் அப்படிப்பட்ட வீடு ஒன்றல்ல. அந்தப் பிள்ளையின் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறேன்.

கடன்பட்டிருப்பது பாவமா? அல்ல. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது நீதியின் கடமை. கொடுக்க முடிந்தும் கொடாதிருப்பவன் ஏழாம் கற்பனையை மீறுகிறான். ஆனால் மனமிருந்தும் கையில் இல்லாதவன் குற்றவாளியல்ல. முடியாமை இருக்குமட்டும் அந்தக் கடமை தள்ளி நிற்கிறது, அழிந்துபோவதில்லை. முழுவதும் கொடுக்க முடியாதவன் முடிந்த பாகத்தைக் கொடுக்கவேண்டும். மீதியைக் கொடுக்கும் எண்ணத்தையும் விடாமல் காக்கவேண்டும். இதுவே திருச்சபையின் நீதிநெறிப் போதனை.

பழைய ஏற்பாட்டில் ஓர் ஏழை விதவையைப் பற்றி வாசிக்கிறோம். புருஷன் வைத்துப்போன கடனுக்காக அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமைகளாக்கக் கடன் கொடுத்தவன் வந்திருந்தான். அவள் ஒளியவில்லை, எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஓடினாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். கொஞ்சம் எண்ணெய் மாத்திரமே உண்டென்று உள்ளதைச் சொன்னாள். சர்வேசுரன் அந்த எண்ணெயைப் பெருகச் செய்தார். அவள் அதை விற்றுக் கடனையும் தீர்த்தாள். மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினாள். புதுமை நடக்குமுன் அவள் செய்தது என்ன? உண்மையைச் சொல்லி உதவி கேட்டாள். அது நம்மாலும் முடியும்.

ஆகையால் செய்யவேண்டியவை:

1. கணக்கு எழுதுங்கள். புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் வாங்கிய கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். மாத வருமானம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, வாடகை, பள்ளிக்கூடம், மருந்து ஆகியவற்றுக்கு 11,000 போனால் மீதி 3,000. தவணைகளோ குழுக்கடனுக்கு 2,400, பைனான்சுக்கு 2,600, பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1,000, ஆக 6,000. அப்படியானால் ஒவ்வொருவருக்கும் பாதி: 1,200, 1,300, 500. உரத்துச் சத்தம் போடுகிறவருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, வட்டியில்லாமல் கொடுத்து மௌனமாய்க் காத்திருக்கும் அக்காவை மறந்துவிடுவது நீதியல்ல. பழைய தவணையை அடைக்கப் புதுக்கடன் வாங்குவதும் வேண்டாம். அது பள்ளத்தை மூடப் பள்ளம் தோண்டுவது.

2. அவர் வருமுன் நீங்கள் போங்கள். தவணை நாளுக்கு முன்பே கிளைக்குச் சென்று, நிலைமையை எழுதிக் கொடுத்து, தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் கேட்டறியுங்கள். கையில் பணமில்லாவிட்டாலும் குழுக்கூட்டத்துக்குப் போகத் தவறவேண்டாம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதித்தபடி, குழுக்கடனை இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூலிக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு தடவையாவது நீங்கள் வராமற்போனால்தான் அவர்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். பார்த்தீர்களா? ஒளிந்துகொள்வதே அவரை வாசலுக்கு அழைக்கிறது.

3. மரியாதையாய்ப் பேசுங்கள், முடியாததை வாக்குக் கொடாதீர்கள். "தம்பி, கடன் உண்டு, மறுக்கவில்லை. இந்த மாதம் ஆயிரத்து இருநூறுதான் முடியும். ரசீது போட்டுக் கொடுங்கள்" என்றால் போதும். "திங்கட்கிழமை முழுவதும் தருகிறேன்" என்ற பொய் ஒருநாள் நிம்மதி தரும். பிறகு உங்கள் சொல்லுக்கு விலையிராது. ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம். வெற்றுத்தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துப் போடவேண்டாம். காசோலை பணமின்றித் திரும்பினால் அது தனிக் குற்றமாகும்.

4. அவருக்கும் எல்லை உண்டென்று அறியுங்கள். மோயீசனின் சட்டம், அடகு வாங்க வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டுமென்று கட்டளையிட்டது. ஏழையின் திரிகைக் கல்லை அடகு வாங்கவும் தடுத்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் அந்த இரக்கத்தின் சாயல் உண்டு. 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றை நீதிமன்றமும் ஜப்தி செய்யக்கூடாது. பணக்கடன் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைச் சிறையிலடைக்கவும் அச்சட்டம் இடந்தரவில்லை. நேர்மையாய் இருந்தும் கொடுக்க வகையில்லாதவரை அதற்காக மாத்திரம் சிறைவைக்கக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பளித்தது. ஆகையால் "ஜெயிலில் போடுவோம்" என்ற மிரட்டலுக்கு நடுங்கவேண்டாம்.

மேலும் 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கி, பைனான்ஸ் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. குழுக்கடனுக்கு இது காலை 9, மாலை 6. திட்டுவதும், மிரட்டுவதும், ஊரார் முன் அவமானப்படுத்துவதும், உறவினரைத் தொந்தரவு செய்வதும் விலக்கப்பட்டவை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றை 2003-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் நிறைவேறியது.

5. எல்லை மீறினால் முறையிடுங்கள். தேதி, நேரம், பேசிய வார்த்தை ஆகியவற்றைக் குறித்துவைத்து முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; விவரம் கேட்க 14448. இலவசச் சட்ட உதவிக்கு 15100. கைநீட்டினாலோ வீட்டுக்குள் புகுந்தாலோ தாமதியாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

குழுவிலுள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒருத்தி கட்டாதபோது அந்தச் சுமை உங்கள்மேல் விழுவதையும், அதனால் வரும் கோபத்தையும் அறிவேன். ஆனால் அவள் வாசலில் கூடி ஏசினால் பணம் பிறக்காது. அவளோடு உட்கார்ந்து கணக்கெழுதுங்கள். அவளோடு கிளைக்கும் போங்கள். வசூலுக்கு வரும் பையன்களையும் சபிக்கவேண்டாம். அவர்களும் மாதக் கணக்கு முடிக்கவேண்டிய ஏழைகளே. அவர்களில் நம் பங்குப் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன்: உங்கள் வேலை பணத்தைக் கேட்பது, ஒரு தாயின் மானத்தைக் கேட்பதல்ல.

கடைசியாக ஒன்று. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு மாண்டதை நாம் மறக்கவில்லை. எந்தக் கடனுக்கும் உயிர் விலையல்ல. அந்த விலையை நமதாண்டவர் சிலுவையில் கொடுத்துத் தீர்த்துவிட்டார். மனம் இருளும் வேளையில் தனியே இருக்கவேண்டாம். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம். நடுராத்திரியானாலும் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டலாம். "சாமியார் இல்லை" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு காத்திருப்பேன். கணக்குத் தாளைக் கொண்டுவாருங்கள். அதில் இருப்பது நம் மூவரையும் தவிர வேறெவருக்கும் தெரியாது. பணம் கொடுக்க எங்களிடம் அதிகமில்லை. உட்கார்ந்து எழுதவும், கிளைக்குக் கூட வரவும் ஆளுண்டு.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இனி யார் வந்தாலும் அம்மா இருக்கிறாள் என்று சொல்" என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு நீங்களே வாசலுக்கு வாருங்கள்.

சேசுவின் திரு இருதயம் உங்கள் வீடுகளைக் காப்பாற்றுவதாக.

உங்கள் பங்குக் குரு