காலால் ஆடும் கலை

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். முழங்காலை மடக்குகிறார்கள். நிமிர்த்துகிறார்கள். அசைந்து அசைந்து அடி வைக்கிறார்கள். பார்த்தால் நடனம் போல இருக்கிறது. “இக்! எக்!” என்று குரல் கொடுக்கிறார்கள். திடீரென்று ஒருவருடைய கால் மேலே எழுகிறது. அது மற்றவரின் தலையைத் தொட்டுவிடுகிறது. ஆட்டம் முடிந்தது. கால் எட்டியவர் வென்றுவிட்டார்.

இந்தச் சண்டைக் கலையின் பெயர் டேக்கியோன். இது கொரியாவின் பழைய கலை. கொரியா சீனாவுக்குக் கிழக்கே இருக்கிறது. இப்போது வட கொரியா, தென் கொரியா என்று இரண்டு நாடுகள் இருக்கின்றன. தென் கொரியாவில்தான் டேக்கியோன் பிழைத்தது. எப்படிப் பிழைத்தது? அது ஒரு பெரிய கதை.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். இதில் வெல்ல இரண்டு வழிகள் உண்டு. எதிராளியைக் கீழே விழச் செய்யலாம். அல்லது அவர் தலையைக் காலால் உதைக்கலாம். எலும்பை முறிப்பது நோக்கம் அல்ல. உடம்பில் உதைக்கும்போது உள்ளங்காலால் தள்ளுவது போல உதைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கால் வைப்புதான். தரையில் ஒரு முக்கோணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று மூலைகளில் கால் மாறி மாறிப் போகும். சீன எழுத்து ஒன்று மூன்று சிறு பெட்டிகளைப் போல இருக்கும். மேலே ஒரு பெட்டி, கீழே இரண்டு பெட்டி. அந்த எழுத்தின் பெயரைத்தான் இந்தக் கால் வைப்புக்கும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எதிராளிக்கு எட்டும் தூரத்தில் ஒரு காலை முன்னே வைக்க வேண்டும். எட்டாத தூரத்தில் ஒதுங்கி நிற்கக் கூடாது. இதைக் கொரிய மொழியில் ‘தேஜோப்’ என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பதற்கும் அதே சொல்தான்! சண்டைக்கு இப்படி ஒரு சொல் அமைந்தது ஆச்சரியம்தான்.

இந்தக் கலை எப்போது தோன்றியது? மிகப் பழைய கொரியக் கல்லறைச் சுவர்களில் ஓவியங்கள் உள்ளன. அவற்றில் இருவர் கை கால்களை நீட்டி மோதுகிறார்கள். அது டேக்கியோன்தான் என்று சிலர் சொல்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. 1846-ஆம் ஆண்டு ஓவியம் இதைவிட நல்ல சாட்சி. யூ சுக் என்ற ஓவியர் அதை வரைந்தார். அதில் ஊரே கூடி நிற்கிறது. நடுவில் இருவர் மல்யுத்தம் செய்கிறார்கள். வேறு இருவர் டேக்கியோன் ஆட நிற்கிறார்கள். 1895-இல் ஸ்டூவர்ட் கூலின் என்ற அமெரிக்கர் கொரிய விளையாட்டுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதிலும் இந்த ஆட்டம் வருகிறது. ஆடுகிறவரின் கால் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும் என்று அவர் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இது திருவிழா ஆட்டம். சியோல் நகரத்தில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் போட்டி நடக்கும். முதலில் சிறுவர்கள் இறங்குவார்கள். பிறகு பெரியவர்கள் வருவார்கள். வென்றவர் களத்தில் நிற்பார். அடுத்தவர் வந்து அவரோடு மோத வேண்டும்.

1910-இல் ஜப்பான் கொரியாவைப் பிடித்தது. 1945 வரை ஆண்டது. அந்த ஆட்சியில் இந்தப் போட்டிகள் நின்றுபோயின. பிறகு 1950 முதல் 1953 வரை பெரிய போர் நடந்தது. ஆடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். எப்படி ஆடுவது என்று முழுமையாக யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவரின் உடம்போடு அந்தக் கலையும் போய்விடும் என்ற நிலைமை.

சியோலில் சோங் தொக்-கி என்ற பெரியவர் இருந்தார். அவர் 1893-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது இம் ஹோ என்ற ஆசிரியரிடம் டேக்கியோன் கற்றார். வில்வித்தையும் அவருக்குத் தெரியும். நாடு அடிமைப்பட்டபோதும், போரில் எரிந்தபோதும் அவர் கால் வைப்பை மறக்கவில்லை.

1970-களில் ஷின் ஹான்-சுங் என்பவர் அவரிடம் வந்து கற்றார். ஷின் மல்யுத்தமும் தெரிந்தவர். பெரியவர் செய்து காட்டிய அசைவுகளை ஷின் வரிசைப்படுத்தினார். எது முதல் பாடம், எது அடுத்த பாடம் என்று பிரித்தார். சுங்ஜு என்ற ஊரில் பலருக்கும் சொல்லிக் கொடுத்தார். அரசாங்கம் இந்தக் கலையைக் காக்க வேண்டும் என்று பாடுபட்டார்.

1983 ஜூன் 1-இல் தென் கொரிய அரசாங்கம் டேக்கியோனை நாட்டின் முக்கியமான பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அப்போது பட்டியலில் அதன் எண் 76 ஆக இருந்தது. அப்போது சோங்கின் வயது 90. நான்கே ஆண்டுகளில், 1987-இல், சோங் இறந்தார். ஷின்னும் அதே ஆண்டில் இறந்தார். ஷின்னுக்கு 60 வயதுகூட ஆகவில்லை. பத்து ஆண்டு தாமதித்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்திருக்காது.

டேக்வாண்டோ என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஒலிம்பிக்கில் அது 2000 முதல் பதக்கப் போட்டியாக இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் வைத்ததுதான். ஜப்பானியரின் கராத்தேயிலிருந்து அது நிறைய எடுத்துக்கொண்டது. டேக்கியோனின் மடங்கி எழும் அசைவு அதில் இல்லை.

சோங்கிடமும் ஷின்னிடமும் கற்றவர்கள் பிறகு தனித்தனிச் சங்கங்கள் அமைத்தார்கள். விதிகளில் ஒருவருக்கொருவர் கொஞ்சம் மாறுபடுகிறார்கள். பெரியவர் காட்டியது இதுதான் என்று ஒவ்வொரு தரப்பும் சொல்கிறது. 2011-இல் யுனெஸ்கோவும் டேக்கியோனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. இப்போது பெண்களும் குழந்தைகளும் இதைக் கற்கிறார்கள்.