கடைக் கடனும் ஒரு வருடக் கெடுவும்

எமது வர்த்தகர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சரக்கைக் கடனுக்குக் கொடுப்போம், கொப்பியில் எழுதுவோம், காசைக் கேட்கக் கூச்சப்பட்டுக் காத்திருப்போம். இந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை மூன்றரை இலட்சம் ரூபா.

பல வருடங்களுக்கு முன்னர் ஒருவர் எனது கடையில் முப்பது நாள் தவணைக்கு மொத்தமாகத் துணி எடுத்தார். தவணை கடந்தது. கேட்கும் போதெல்லாம் "அடுத்த மாசம் கட்டாயம் தாறேன் நானா" என்றார். தவணை முடிந்து பதினான்கு மாதங்களின் பின்னரே சட்டத்தரணியிடம் போனேன். அவர் பில்களைப் பார்த்துவிட்டு, "இடையில் ஏதும் கட்டினாரா? கடன் இருப்பதாக எங்காவது கையொப்பம் வைத்தாரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. "அப்படியானால் காலாவதி என்று சொல்லியே அவர் தப்பிவிடுவார்" என்றார்.

இதற்கான சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டமாகும். வியாபாரிகள் அறிய வேண்டிய கெடுக்கள் இவை:

1. விற்று ஒப்படைத்த சரக்கு, கடை பில், கொப்பிக் கடன், வேலைக் கூலி: 1 வருடம்.

2. எழுத்தில்லாமல் கொடுத்த கைமாற்று, வாய்மூல உடன்படிக்கை: 3 வருடம்.

3. எழுத்து மூல ஒப்பந்தம், பங்காளி உடன்படிக்கை, வாக்குறுதிச் சீட்டு, செக்: 6 வருடம்.

கடனுக்கு நாட்களை எண்ணத் தொடங்குவது, காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து.

நம்மவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது, கெடுவுக்குள் வழக்குத் தாக்கல் செய்யப்பட வேண்டும். அடுத்தது, "தாறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்புகிறார்கள். அதனால் கெடு நீளாது. கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அல்லது அந்தக் கடனுக்கென ஒரு பகுதியைக் கட்டினால், காலம் புதிதாக எண்ணப்படும்.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீதிக் கணக்கை எழுதி, "இத்தொகை நான் தர வேண்டியது" என்று திகதியுடன் கையொப்பம் பெறுகிறேன். சிறு தொகையானாலும் வங்கியில் போடச் சொல்கிறேன். கட்டியதற்குச் சாட்சி இருக்கும். ஒன்பதாவது மாதம் தாண்டினால் பில்களுடன் சட்டத்தரணியிடம் போகிறேன். தொகை சிறிதாயின் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக நேரிடலாம். அதற்கும் நாள் வேண்டும்.

பின்னொரு முறை இன்னொரு வாடிக்கையாளர் இழுத்தடித்தார். அவர் கையொப்பமிட்ட மீதிக் கணக்கின் பிரதியைக் கோரிக்கைக் கடிதத்துடன் அனுப்பினோம். நீதிமன்றம் போகாமலே மூன்று தவணைகளில் கட்டி முடித்தார். இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

கையொப்பம் கேட்டால் உறவு முறியும் என்று அஞ்ச வேண்டாம். முன்னையவரிடம் நான் கேட்கவில்லை. காசும் போனது, உறவும் போனது. இன்றிரவு கடை மூடுமுன் கொப்பியைப் புரட்டி, பத்து மாதம் தாண்டிய கடன்கள் எவை என்று பாருங்கள்.