பறக்கும் ஓணான்

விலங்கியல் சுற்றுலாவில் ஆனைமலைக் காட்டுக்குச் சென்றிருந்தோம். உயரத்திலிருந்து சருகொன்று சாய்வாக மிதந்து வந்து அடுத்த மரத்தில் ஒட்டிக்கொண்டது. உற்றுப் பார்த்தேன், சருகன்று, பறக்கும் ஓணான்!

1837-இல் டூமெரில், பிப்ரான் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் இதற்கு ‘டிராக்கோ டுசுமியேரி’ எனப் பெயரிட்டனர். வாலோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு சாண் நீளமே. உண்மையில் இது பறப்பதில்லை; காற்றில் சறுக்குகிறது. நீண்ட விலா எலும்புகள் குடைக் கம்பிகளைப் போல் விரிய, அவற்றின்மேல் படர்ந்த தோல் இறக்கையாகிறது. எறும்புகளே முதன்மை உணவு. ஆண் தன் மஞ்சள் தொண்டைப்பையை நீட்டி மடக்கிக் காட்டும். பெண் முட்டையிடத் தரையிறங்கி மண்ணில் குழி பறிக்கும்.

சறுக்கும்போது உயரம் குறைந்துகொண்டே வரும். ஆகவே மரங்களுக்கிடையே இடைவெளி மிகுந்தால் அதன் பாதை அறுந்துவிடும். சிறுவயதில் ஓணான்களைக் கல்லால் அடித்தவன் நான். அன்று வெட்கப்பட்டேன். மரம் வெட்டும்முன் நாமும் சற்றே அண்ணாந்து பார்ப்போமா?