காலுக்கு ஒரு கல்

விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல நம் வளாகத்தில் நல்ல சாலை உண்டு. ஆயினும் நாம் அதில் நடப்பதில்லை. புல்வெளியைக் குறுக்கே கடக்கிறோம். முதலில் ஓரடி அகலமாக இருந்த தடம், ஒரு மழைக்காலம் கழிந்ததும் மூன்று கஜமாகிவிட்டது. நடுவில் சேறு, சேற்றுக்கு அஞ்சி ஓரமாக நடந்தோம், ஓரமும் சேறாயிற்று. மாலி இருமுறை முள்வேலி கட்டினார். இருமுறையும் அது பிரிக்கப்பட்டது. பிரித்தவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை!

இச்சிறு வழக்கின் பெரிய வடிவத்தை இங்கிலாந்தின் பீக் டிஸ்டிரிக்ட் மலைப்பகுதியில் காணலாம். அங்கே மனிதரின் காலுக்கும் மலையின் மண்ணுக்கும் இடையே நின்று பணியாற்றுவோரை ரேஞ்சர்கள் என்பர்.

மான்செஸ்டர், ஷெபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு நடுவே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. உயரம் 636 மீட்டர்தான். நீலகிரியைக் கண்டவர் அதை மலை என்றே ஒப்பமாட்டார். ஆனால் வாரமெல்லாம் புகையில் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று கிடைக்கும் இடம் அதுவே. அங்கேயோ, கௌதாரியை ஒத்த க்ரவுஸ் பறவையை வேட்டையாடுவதற்காகப் பிரபுக்கள் நிலத்தை அடைத்து வைத்திருந்தனர். 1932 ஏப்ரல் 24ஆம் நாள் சுமார் நானூறு பேர் தடையை மீறி மேலேறினர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. நம்மில் பலரை விட இளையவர். காவலாட்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்டிரிக்ட் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1954இல் அங்கே முதல் காவலர் அமர்த்தப்பட்டார். அவருக்கு அப்போது வழங்கிய பெயர் 'வார்டன்'. (விடுதி மாணவர்கள் அஞ்ச வேண்டா, ரேஞ்சர் என்னும் பெயர் பிற்காலத்தில் வந்துவிட்டது.)

தேசியப் பூங்கா என்றதும் நம் நாட்டுக் காடு நினைவுக்கு வரும். அங்கே காவலரின் முதற்கடமை ஆட்களை உள்ளே விடாமல் காப்பது. இங்கிலாந்திலோ பூங்காவுக்குள்ளேயே ஊர்களும் பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும் இருக்கின்றன; நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அதன் ஊடே பொதுப் பாதைகள் செல்கின்றன. அவற்றில் நடப்பது எவர்க்கும் உரிமை. பாதையை உழ நேர்ந்த உழவர், 14 நாட்களுக்குள் ஒரு மீட்டர் அகலத்திற்காவது அதைத் திரும்ப அமைத்துத் தரவேண்டும். நம் ஊர் வரப்பு வழிக்கு இத்தகைய எழுத்துப் பத்திரம் ஏது?

ஆகவே ரேஞ்சரின் கருவிகளில் துப்பாக்கி இல்லை. மண்வெட்டி, சுத்தியல், வரைபடம், பொறுமையான நாக்கு ஆகியவையே உள்ளன. வழியில் முள்கம்பி கிடக்கிறது என்று நடப்பவர் முறையிடுவார். கதவைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்கள் என்று உழவர் முறையிடுவார். இருவரும் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்! வேலியை ஏறிக் கடக்கும் மரப்படியைச் செப்பனிடுவதும், வழிகாட்டும் அம்புக்குறி பதிப்பதும் அன்றாட வேலை. நடப்பவருக்கு மட்டுமான பாதைக்கு மஞ்சள் அம்பு. குதிரையும் செல்லலாம் எனில் நீலம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேட்டுநிலத்தில் நாயைக் குறுங்கயிற்றில் பிடித்துச் செல்லவேண்டும் என்பது விதி. அதை நினைவூட்டுவதும் இவர்களே.

இனி மண்ணுக்கு வருவோம். விஞ்ஞான மாணவனுக்குச் சுவையான பகுதி இதுதான். அம்மேட்டின் மேற்பரப்பு பீட் என்னும் கரிய மண்ணாகும். ஸ்பாக்னம் என்னும் பாசி தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரைப் பிடித்துவைக்கும். நீரில் மூழ்கிய இடத்தில் ஆக்ஸிஜன் குறைவு. ஆகையால் இறந்த பாசி முழுவதும் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து பீட் ஆகிறது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு வேண்டும்! ஆலைகளின் கந்தகப் புகை அப்பாசியைக் கொன்றது; காட்டுத்தீயும் ஆட்டு மேய்ச்சலும் செடிகளை அழித்தன. எஞ்சியதை மிதித்தவை, உரிமை பெற்று வந்த கால்களே. 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே என்னும் 268 மைல் நடைபாதை இம்மேடுகளில் சேற்று ஆறாகி, நம் புல்வெளித் தடத்தைப் போலவே அகன்றது. வெளிப்பட்ட பீட் மழையில் கரைந்து நகரங்களின் குடிநீர்த் தேக்கங்களில் சேர்கிறது; உலர்ந்தாலோ கார்பன் டை ஆக்ஸைடாக மாறிக் காற்றில் கலக்கிறது.

பாதையை மூடுவதா? அவ்வாறு செய்யின் 1932க்கே திரும்பியதாகும். மூடவில்லை, கல் பதித்தனர். லங்காஷயரில் இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை வாங்கி, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, பீட்டின்மேல் ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையாகக் கிடத்தினர். கல் இருந்தால் கால் அதைவிட்டு இறங்குவதில்லை. ஓரங்களில் புல்லும் பாசியும் மெல்லத் திரும்பின. ஓடைகளுக்குக் குறுக்கே சிறு அணை கட்டி, ஸ்பாக்னம் நாற்றைக் கையால் நடும் வேலை இன்றும் நடக்கிறது. கிண்டர் ஸ்கவுட் 2009இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புகை கக்கி மலையைக் கெடுத்த ஆலைகளின் தரையே இன்று மலையைத் தாங்குகிறது.

சென்ற வாரம் மூன்றாம் முறையாக வேலி கட்டிக்கொண்டிருந்த மாலியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் இக்கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"யோசனை சரிதான், பாபு, கல்லை யார் கொடுப்பார்கள்?" என்றார்.