கயிற்று நுனியில் ஒரு முடிச்சு

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் பலகையோடு சிகரம் ஏறுறவங்க, சறுக்க முடியாத செங்குத்துப் பாறை வந்தா கயிற்றில்தான் இறங்கணும். இதுக்குப் பேர் ரேப்பல்.

சின்னக் கணக்கு ஒன்று. 60 மீட்டர் கயிற்றை மேலே உள்ள வளையத்தில் கோத்து இரண்டாக மடித்தால், இறங்கக் கிடைப்பது 30 மீட்டர்தான். நடுப்பகுதி வளையத்தில் சரியா இல்லேன்னா ஒரு பக்கம் இன்னும் குறையும். பனிமூட்டத்தில் நுனி தெரியாது. அதைத் தாண்டினால் கயிறு சாதனத்திலிருந்து நழுவிடும், ஆள் விழுந்திடுவார். அதனால் வீசுறதுக்கு முன்னாடியே இரு நுனியிலும் தனித்தனியா முடிச்சுப் போடணும். இறங்கியதும் அவிழ்க்கணும், மறந்தா, கயிற்றை இழுக்கும்போது மேலே மாட்டிக்கும்.

எடையைக் குறைக்க 6 மில்லிமீட்டர் கயிறுகூடக் கொண்டு போவாங்க. மெல்லிய கயிற்றில் உராய்வு குறைவு, ஈரக் கையுறை வழுக்கும். தடிமனுக்கு ஏற்ற சாதனம் வேணும். அதோடு, ஆஸ்திரியரான கார்ல் புருசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய முடிச்சைச் சிறுகயிற்றால் போட்டு இடுப்புப் பட்டையில் இணைச்சா, கை விட்டாலும் அது இறுகிப் பிடிக்கும்.

பாதுகாப்பு இணைப்பைக் கழற்றுமுன், முழு எடையையும் ரேப்பல் கயிற்றில் கொடுத்துப் பாருங்க. தப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சிடும்.

களைப்பும் குளிரும் சேர்ந்தா மூளை மறக்கும். அதனால பயிற்சியாளர் முன்னாடி, தரையிலேயே கையைப் பழக்குங்க.